பாதிக் குளியலில் நின்றுபோகும் வெந்நீர்



சென்ற இதழில் லிஃப்டின் கதையை எழுதியபோது, "அடுத்தது தண்ணீர் மோட்டாரா, சார்?" என்று சிலர் கேட்டீர்கள். மோட்டாருக்குப் பிறகு வருவோம். போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடிய சண்டையைப் பார்த்த பிறகு வெந்நீரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. "கேஸ் கீசர் புதிதாகப் போட்டேன், இரண்டு பக்கெட்டுக்கு மேல் சூடே வரவில்லை" என்று ஒருவர் எழுதினார். கீசரை மாற்றுங்கள், பிளம்பரை மாற்றுங்கள், பில்டர் மேல் கேஸ் போடுங்கள் என்று ஆளுக்கொரு யோசனை வந்து விழுந்தது. தண்ணீர் ஏன் சூடாக வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குச் சுமார் நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. அதில் என் வீட்டுக் கதையும் ஒன்று.

முதலில் பெயர். ஐஸ்லாந்து நாட்டில் பூமிக்குள்ளிருந்து வெந்நீர் பீறிட்டு எழும் ஊற்று ஒன்றின் பெயர் கெய்சிர். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர், பெயின்டர் தொழில் செய்தவர், எரிவாயுச் சுடரால் தண்ணீரை உடனுக்குடன் சுடவைக்கும் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கி, அதற்கு அந்த ஊற்றின் பெயரையே வைத்தார். ஆங்கிலேயர் வாயில் அது 'கீசர்' ஆயிற்று. அவர்களோடு கப்பலேறி இங்கே வந்து நிலைத்துவிட்டது. அமெரிக்காவில் போய் கீசர் என்றால் யாருக்கும் புரியாது. அவர்கள் வாட்டர் ஹீட்டர் என்பார்கள். நாமோ கரண்டில் ஓடுவதையும் கீசர் என்றே சொல்கிறோம்.

மாகனின் கருவியில் ஒரு பெரிய குறை இருந்தது. புகை வெளியே போக வழியே கிடையாது. எரிந்த வாயு முழுவதும் குளிக்கிறவர் நிற்கும் அறைக்குள்ளேயே தங்கும். போதாததற்கு அன்றைய லண்டனில் குழாயில் வந்தது நிலக்கரியிலிருந்து எடுத்த வாயு. அதிலேயே கார்பன் மோனாக்சைடு கலந்திருக்கும். இந்தக் குறையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம் சி பிளாக் வரைக்கும் அது வந்திருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த ஆள் எட்வின் ரூட். நார்வேக்காரர். 1880-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு வந்த மெக்கானிக்கல் இன்ஜினீயர். அந்த வட்டாரத்தில் இயற்கை எரிவாயு தாராளமாகக் கிடைத்த காலம் அது. 1889 வாக்கில், பெரிய தொட்டி நிறையத் தண்ணீரைச் சுடவைத்து, சூடு குறைந்தால் தானே பற்றிக்கொள்ளும் ஹீட்டரை அவர் உருவாக்கினார். 1897-இல் தன் பெயரிலேயே கம்பெனி தொடங்கினார். ஜெர்மனியில் ஹ்யூகோ யுங்கர்ஸ் என்ற இன்ஜினீயர், வாயுவின் வெப்ப அளவைத் துல்லியமாக அளக்கும் கருவி செய்யப்போய், அதே அறிவை வைத்து குளியலறை ஹீட்டர் செய்து விற்றார். அதில் வந்த பணத்தில் விமானம் கட்டினார். 1915-இல் பறந்த, முழுக்க முழுக்க உலோகத்தால் ஆன விமானம் அவருடையது. 1932-இல் ஹீட்டர் தொழிலை பாஷ் கம்பெனிக்கு விற்றார். குளிக்கும் வெந்நீர் ஒரு விமானத்தைப் பறக்கவிட்டது என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். ஆனால் நம் கதைக்கு ரூட்தான் முக்கியம்.

ரூட் வழியில் வந்த தொட்டியின் உள்ளமைப்பைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. உங்களில் வயதானவர்கள் வீட்டில் செம்பு பாய்லர் இருந்திருக்கும். நடுவில் ஒரு குழல். அதில் விறகோ கரியோ தேங்காய் மட்டையோ போட்டு எரிப்போம். குழலைச் சுற்றித் தண்ணீர். எங்கள் பாட்டி வீட்டு பாய்லரில் மேலே ஒரு புனல் இருந்தது. அதில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால், பக்கத்து மூக்கு வழியாக ஒரு சொம்பு வெந்நீர் கொட்டும். ஊற்றிய தண்ணீர் ஏன் வெந்நீரோடு கலக்கவில்லை? புனலுக்குக் கீழே ஒரு குழாய் பாய்லரின் அடிவரை போகிறது. பச்சைத் தண்ணீர் அடியில் போய்ச் சேர்ந்து, மேலே மிதக்கும் வெந்நீரை வெளியே தள்ளுகிறது. சூடான தண்ணீர் லேசானது, மேலே நிற்கும். குளிர்ந்தது கனமானது, கீழே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அமெரிக்க வீடுகளின் கேஸ் தொட்டி ஹீட்டரும் இதே அமைப்புதான். நடுவில் புகைக்குழல், அடியில் பர்னர், மேலே இரண்டு வாய்கள். ஒன்றில் பச்சைத் தண்ணீர் இறங்கும், மற்றதில் வெந்நீர் ஏறும். இறங்கும் வாயில் அடிவரை நீளும் ஒரு குழாய். அதை அவர்கள் டிப் டியூப் என்பார்கள்.

தொட்டி துருப்பிடிப்பது பெரிய தலைவலியாக இருந்தது. மில்வாக்கியைச் சேர்ந்த ஏ.ஓ. ஸ்மித் கம்பெனி, எஃகுத் தொட்டிக்கு உள்ளே கண்ணாடிப் பூச்சு பூசும் முறைக்கு 1936-இல் காப்புரிமை பெற்றது. கூடவே மக்னீசியக் கம்பி ஒன்றை உள்ளே தொங்கவிடும் பழக்கமும் வந்தது. தொட்டிக்குப் பதிலாக அந்தக் கம்பி அரிபட்டுத் தேய்ந்துபோகும். இதைத் தாண்டி நேராக 1999-க்கு வருகிறேன்.

அந்த டிசம்பரில் நானும் என் மனைவியும் நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருந்தோம். மூன்று மாதக் குழந்தை. பிரசவத்துக்கு வந்திருந்த சம்பந்தி அம்மாள் ஊருக்குத் திரும்ப, அடுத்த முறைக்கு நாங்கள் போயிருந்தோம். மகனுக்கு ஒய்-டூ-கே வேலை. வீட்டுக்கு வருவதே நள்ளிரவில். வெளியே பனி. பேஸ்மென்ட்டில் 40 காலன், அதாவது நம் கணக்கில் சுமார் 150 லிட்டர், கேஸ் ஹீட்டர் இருந்தது. நான்கு வருடப் பழசுதான்.

காலையில் முதல் ஆள் குளிக்கும்போதே ஐந்து நிமிடத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். இரண்டாவது ஆளுக்குச் சில்லென்றே வரும். ஒருநாள் என் மனைவி, நம் வழக்கப்படி கால் நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு போட்டாயிற்று, குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். குழந்தை வீறிட்டது அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். மருமகள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தயங்கித் தயங்கி, "அத்தை, தலைக்குக் குளிக்கிற அன்னைக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாக் குளிக்கிறீங்களா? தண்ணி எல்லாருக்கும் பத்த மாட்டேங்குது" என்றாள். தப்பாக ஒன்றும் கேட்கவில்லை அந்தப் பெண். ஆனால் என் மனைவி அன்றிலிருந்து ஷவர் பக்கமே போகவில்லை. குழம்புப் பாத்திரத்தில் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்க ஆரம்பித்தாள். அதைப் பார்த்து மருமகளுக்கு வருத்தம். அதைப் பார்த்து மகனுக்குக் கோபம். இருபது நாள் அந்த வீட்டில் யாரும் யாரிடமும் நிம்மதியாகப் பேசவில்லை.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். ஏதாவது செய்யாமல் இருக்க முடியுமா? பேஸ்மென்ட்டுக்குப் போய் ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டைத் திருகி, 'ஹாட்' என்ற இடத்திலிருந்து 'பி' வரை ஏற்றினேன். இரண்டு நாள் கொஞ்சம் தேவலை போலிருந்தது, பிறகு பழைய கதைதான். அங்கே உட்கார்ந்து கவனித்தபோது ஒன்று உறுத்தியது. மேலே ஷவரில் சில்லென்று வந்துகொண்டிருக்கும் நேரத்தில்கூட, கீழே பர்னர் எரியாமல் சும்மா இருந்தது. தொட்டி காலியாகிவிட்டது என்றால் பர்னர் அல்லவா முதலில் பற்ற வேண்டும்?

பிளம்பர் வந்தார். அறுபது வயது இருக்கும். ஹீட்டரைப் பார்க்கக்கூட இல்லை. நேராகச் சமையலறைக் குழாயின் நுனியில் இருக்கும் வலையைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். வெள்ளை வெள்ளையாகச் செதில்கள் விழுந்தன. உப்புப் படிவம் என்று நான் நினைத்தேன். அவர் ஒரு கிண்ணத்தில் வினிகர் கேட்டார். செதில்களை அதில் போட்டார். சுண்ணாம்புப் படிவமாக இருந்தால் நுரைத்துக் கரைந்திருக்க வேண்டும். இவை அப்படியே மிதந்தன. பிளாஸ்டிக்.

அதன் பிறகுதான் கதை முழுவதும் தெரிந்தது. 1993 ஆகஸ்ட் முதல் 1996 அக்டோபர் வரை அமெரிக்காவில் செய்த தொட்டி ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு, ஒரே ஒரு நிறுவனம்தான் டிப் டியூப் செய்து கொடுத்தது. பெரிய பிராண்டுகள் பலவும் அவர்களிடமே வாங்கின. அந்தக் காலகட்டத்துப் பாலிபுரோப்பிலீன் சரியாக அமையவில்லை. வெந்நீரிலும் குளோரினிலும் ஊறி ஊறி நொறுங்க ஆரம்பித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வலைகளும் ஷவர் தலைகளும் வெள்ளைச் செதில்களால் அடைத்துக்கொண்டன. வழக்குகள் தொடரப்பட்டு, 1999-இல் சமரசம் ஏற்பட்டு, குழாயை மாற்றித்தரும் ஏற்பாடு ஆயிற்று. இத்தனைக்கும் அந்தப் பாகம் ஒரு சாதாரண பிளாஸ்டிக் குழல். நகரும் பாகமில்லை, சுவிட்ச் இல்லை. கெட்டுப்போகும் என்று யாரும் சந்தேகப்படாத இடம்.

பாட்டி வீட்டு பாய்லரை நினைத்துப் பாருங்கள். புனலுக்குக் கீழே உள்ள குழாய் அற்றுப்போனால் என்ன ஆகும்? ஊற்றுகிற பச்சைத் தண்ணீர் மேலேயே நின்று, வெளியே போகிற வெந்நீரோடு அங்கேயே கலந்துவிடும். மகன் வீட்டில் நடந்தது அதுதான். தெர்மோஸ்டாட் இருப்பது தொட்டியின் அடிப்பாகத்தில். அங்கே தண்ணீர் நல்ல சூடாகவே இருந்தது. அதனால் பர்னர் பற்றவில்லை. தொட்டியில் வெந்நீர் இருந்தது, அது வெளியே வரும் வழிதான் கெட்டிருந்தது. பிளம்பர் கேஸை மூடி, தண்ணீரை மூடி, பழைய குழாயின் மிச்சத்தை எடுத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. புதியதைச் செருகி, தொட்டியைக் கழுவிவிட்டு, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். அன்று மாலை குழந்தை குளித்துவிட்டு மூன்று மணி நேரம் தூங்கியது.

அந்தச் செதில்களைக் கொஞ்சம் ஃபிலிம் ரோல் டப்பாவில் போட்டு எடுத்துவந்தேன். அதன் மூடியில் என் மனைவி பேனாவால் எழுதியிருக்கிறாள்: "நான் இல்லை."

சரி, நான் தெர்மோஸ்டாட்டைத் திருகியது சரியா? அதற்கும் ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் அங்கே ஹீட்டர்களை 60 டிகிரி செல்சியஸ், அதற்கு மேலும்கூட வைத்து விற்றார்கள். 60 டிகிரித் தண்ணீர் பட்டால் ஐந்து நொடியில் தோல் ஆழமாக வெந்துவிடும். குழந்தைகள்தான் அதிகம் அடிபட்டார்கள். 1983-இல் வாஷிங்டன் மாநிலம், புது ஹீட்டர்களை 120 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது 49 டிகிரி செல்சியஸில் வைத்துத்தான் விற்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 49 டிகிரியில் தோல் வேகப் பல நிமிடங்கள் ஆகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கும். நல்ல சட்டம். ஆனால் வெந்நீர்க் கணக்கு மாறிவிட்டது. 150 லிட்டர் தொட்டியில் உருப்படியாகக் கிடைப்பது சுமார் 105 லிட்டர். நிமிடத்துக்கு ஒன்பதரை லிட்டர் கொட்டும் ஷவர், குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 10 டிகிரி, குளிப்பது 40 டிகிரியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொட்டி 60 டிகிரியில் இருந்தால் பதினெட்டு நிமிடம் குளிக்கலாம். 49 டிகிரியில் இருந்தால் பதினான்கு நிமிடம்தான். நடுவில் பர்னர் சேர்க்கும் சூட்டை நான் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை இருக்கும் வீட்டில் நான் 'பி'-க்கு ஏற்றியது மடத்தனம் என்று பிளம்பர் முகத்துக்கு நேரே சொன்னார். திரும்பப் போகும்போது இறக்கி வைத்துவிட்டே போனார்.

2003 ஜூலையிலிருந்து அங்கே வேறொரு மாற்றம். பேஸ்மென்ட்டில் கொட்டிய பெட்ரோல் ஆவி பர்னரில் பற்றித் தீப்பிடித்த விபத்துகள் பல நடந்ததால், பர்னர் அறையை மூடி, காற்று மெல்லிய வலை வழியாக மட்டுமே உள்ளே போகும்படி செய்தார்கள். தீ விபத்துக்குத் தீர்வு கிடைத்தது. ஆனால் பக்கத்திலிருக்கும் துணி உலர்த்தும் மெஷினின் பஞ்சுத்தூசி அந்த வலையை அடைத்தது. காற்று குறைந்தால் சுடர் சோம்பும், சில சமயம் அணைந்தே போகும். உங்கள் பிள்ளைகள் அங்கே இருந்து "தண்ணி பத்தலைப்பா" என்று போனில் சொன்னால், ஹீட்டரின் அடிப்பக்க வலையைத் தூசி தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஹீட்டர் வாங்கும் பணம் மிச்சமாகலாம்.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் நாட்டில் வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது 1955-இல், பம்பாயில், பர்மா ஷெல் கம்பெனியின் பர்ஷேன் என்ற பெயரில். அதன் பிறகும் பல வருடங்கள் கனெக்‌ஷனுக்கே காத்துக் கிடந்தோம். சமையலுக்கே போதாத கேஸில் யார் குளிப்பார்கள்? சிலிண்டர் சுலபமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகுதான் சுவரில் மாட்டும் சின்ன கேஸ் கீசர் பரவியது. அதில் தொட்டி கிடையாது. மாகனின் வழியில் வந்தது, ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுடவைப்பது. அதனால் அதில் வெந்நீர் 'தீர்ந்துபோக' முடியாது. குறைந்தால் காரணம் வேறு.

நிமிடத்துக்கு 6 லிட்டர் கீசர் என்றால், அவ்வளவு தண்ணீரின் சூட்டைச் சுமார் 25 டிகிரி உயர்த்தும் என்று பொருள். சென்னையில் 28 டிகிரியில் வரும் தண்ணீருக்கு அது தாராளம். ஊட்டியில் 12 டிகிரித் தண்ணீருக்கு அதே கீசர் திணறும். குழாயைப் பாதியாகத் திறந்தால்தான் சுடும். நம் குடியிருப்பில் புகார் அதிகம் வருவது மேல்மாடியிலிருந்து. தண்ணீர் ஓடும் அழுத்தம்தான் இந்தக் கீசரில் கேஸ் வால்வைத் திறக்கிறது. மொட்டைமாடித் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் அழுத்தம் போதாது. பற்றும், அணையும், மறுபடி பற்றும். பேட்டரி தீர்ந்திருந்தாலும் பற்றாது. அதை முதலில் மாற்றிப் பாருங்கள். கீழ்மாடிகளில் சிக்கல் வேறு. நம் போர்வெல் தண்ணீரின் உப்பு, கீசரின் செம்புக் குழாய்க்குள் படிந்து சூடு ஏறவிடாமல் தடுக்கும். ஷவர் தலையைக் கழற்றி வினிகரில் போட்டுப் பாருங்கள். நுரை வந்தால் கீசருக்குள்ளும் அதேதான் இருக்கிறது. சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுச் சிட்ரிக் அமிலம் விட்டுக் கழுவச் சொல்லலாம். வாட்ஸ்அப்பில் எழுதிய நண்பர் வீட்டுக்கு நானே போய்ப் பார்த்தேன். அவருடையது இந்த வகைதான், பில்டர் மேல் கேஸ் போட ஒன்றுமில்லை.

சி பிளாக் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு வீடுகளில் கீசர் குளியலறைக்குள்ளேயே மாட்டியிருக்கிறது. "சூடு போகாமல் இருக்க" எக்ஸாஸ்ட் ஓட்டையையும் அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். இதையும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கீசர் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் ஒரு கிலோ கேஸ் எரிக்கும். ஒரு கிலோ முழுமையாக எரிய 12, 13 கனமீட்டர் காற்று வேண்டும். நம் குளியலறை மொத்தமே சுமார் 10 கனமீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால், அறையில் உள்ள ஆக்சிஜனில் நல்ல பங்கைச் சுடர் தின்றுவிடும். அப்போது சுடர் மஞ்சளாகி, கார்பன் மோனாக்சைடு வர ஆரம்பிக்கும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிடச் சுமார் 200 மடங்கு இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, பிறகு மயக்கம். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருப்பார்கள். இந்திய மருத்துவமனைகளில் இப்படி வந்தவர்களைப் பற்றி நரம்பியல் மருத்துவர்கள் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். பலருக்கு வலிப்பு என்றுதான் முதலில் வைத்தியம் நடந்தது.

கீசர் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள யுட்டிலிட்டியில் இருக்க வேண்டும். சுவர் வழியாகக் குழாய் மட்டும் உள்ளே போகட்டும். எக்ஸாஸ்ட் ஓட்டையை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது. பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பது, சுடர் நீலத்திலிருந்து மஞ்சளாவது, குளித்துவிட்டு வருகிறவர் "தலை கனக்கிறது" என்பது, இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அன்றே கீசரை நிறுத்திவிடுங்கள்.

அந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். ஒருவர் இந்த வாரமே மாற்றுகிறார். மற்றவர் வாடகைக்கு இருப்பவர். சுவரில் துளை போட வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்கிறார். செயலாளர் உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறார், பதில் வரும்வரை அவர்கள் கரண்டில் ஒரு பக்கெட் ஹீட்டர் வைத்துக்கொண்டு சமாளிக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கீசர் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால் செக்யூரிட்டி அறை நோட்டில் ஃபிளாட் எண்ணை எழுதிவையுங்கள். காலை பத்து மணிக்கு மேல் வருகிறேன். லிஃப்டில்தான், படி ஏற முடியவில்லை.